செய்தவர் பெயரும் சேர்ந்து போகட்டும்

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதுவது முதல் வேலை. நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும், நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும். அந்த வழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனையோ வீடுகளில் பந்திச் செலவே மொய்யில்தான் அடைகிறது. நெருங்கிய சொந்தத்துக்கு மொய்யோடு ஒரு பொருளும் கொடுக்க வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். சுவர்க் கடிகாரம், கண்ணாடிக் கிண்ண செட், பிளாஸ்டிக் பூச்சாடி என்று ஏதோ ஒன்றை அவசரத்தில் வாங்கிப் போவோம். அது பரணுக்குப் போகும். சில மாதம் கழித்து, சுற்றிய தாள்கூடப் பிரியாமல், வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பும்.

கொஞ்ச காலமாக நாங்கள் இதை மாற்றிக்கொண்டோம். வீட்டு நெருக்கத்தில் நடக்கும் விசேஷங்களுக்குக் கையால் செய்த பொருளைத்தான் கொடுக்கிறோம். அதையும் முடிந்தவரை இளம் வயதுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்து வாங்குகிறோம். அதில் ஒன்று மட்டும் எங்களுக்கு விதியாகிவிட்டது: பொருளோடு அதைச் செய்தவருடைய பெயரும் போக வேண்டும். கொடுப்பவர் பெயரைப் பளபளக்கும் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுகிறோம், செய்தவர் பெயர் மட்டும் எங்குமே இருக்காது. ஒரு இளைஞர் அடுத்த ஐந்து வருடம் இதே தொழிலில் இருப்பாரா, விட்டுவிட்டுப் போவாரா என்பதை அந்தப் பெயர் பெரிய அளவில் தீர்மானிக்கிறது. அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பத்தமடைப் பாய்.

என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பாய் கொடுக்க முடிவு செய்தோம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வைத்து அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவருகிறார்கள். தறியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். புவிசார் குறியீடு வாங்கிய பாய் அது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்தப் பாய் எப்படி உருவாகிறது என்பதை எங்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பச்சைக் கோரையை அறுத்து வந்து, நீளவாக்கில் கிழித்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை எடுத்துவிட்டுக் காய வைக்கிறார்கள். நுணுக்கமான பாய்க்கு அது போதாது. காய்ந்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, அது உப்பி வந்த பிறகு எடுத்துக் காயவைத்து, இன்னும் மெல்லிசாக வகிர வேண்டும். கடைசியில் கைக்கு வருகிற இழை தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். வேண்டிய நிறத்துக்குச் சாயம் கொதிக்க வைத்து அதில் போட்டு எடுக்கிறார்கள். தரையை ஒட்டிய தறியில் நீளவாக்கில் பருத்தி நூல் பாவு ஓடியிருக்கிறது. ஒருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துக் குறுக்கே செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் பாய் வளர்வது கண்ணுக்கே தெரிவதில்லை. சாதாரணப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். பெயர் போட்ட நுணுக்கமான பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும்.

கல்யாணத் தேதியைச் சொன்னதும் நெய்கிற அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நடுவுல மழை வந்துட்டா சாயம் காயாதும்மா. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும். சரி, செஞ்சிருதோம். ஆனா நடுவுல போன் போட்டு அவசரப்படுத்தாதீங்க" என்றார். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் அவர் மகளும் கூடவே உட்கார்ந்து நெய்கிறாள். லீவு நாளிலும் சாயங்காலத்திலும் அவள்தான் குச்சி பிடிக்கிறாள். ஓரத்து வேலையும் எழுத்தும் முழுக்க அவள் பொறுப்பு. "இவளாவது வேற வேலைக்குப் போவட்டும்னுதான் படிக்க வெச்சேன். இவ என்னடான்னா எழுத்து நெய்யுததுல எனக்கே பாடம் எடுக்கா" என்று அந்த அம்மா சொன்னபோது குரலில் பெருமையும் கவலையும் பாதிப் பாதியாக இருந்தன.

பெயர் நெய்யச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பெண் சொன்ன சில விஷயங்களை அப்படியே தருகிறேன். பெயரைப் போனில் வாயால் சொல்லக் கூடாது. தாளில் தெளிவாக எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவள் அதைப் பெரிய எழுத்தில் வரைந்து திருப்பி அனுப்புவாள். வீட்டில் இருவராவது பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நெய்ய ஆரம்பிப்பாள். நெய்த எழுத்தை அழிக்க முடியாது, அதுவரை நெய்ததையே வெட்டி எறிய வேண்டியிருக்கும். பெயர் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு அழகாக விழும். பட்டங்களையும் இனிஷியலையும் விட்டுவிடலாம். தேதி போடுவதாக இருந்தால் முகூர்த்த நாள் உறுதியான பிறகு மட்டும் சொல்ல வேண்டும்.

பாய் வந்ததும் நுனியில் ஒரு சிறிய துணிப் பட்டை தைத்தோம். "நெய்தவர்கள்" என்று போட்டு, அந்த அம்மா பெயர், மகள் பெயர், பத்தமடை என்று எழுதியிருந்தோம். மண்டபத்தில் பாயை விரித்துக் காட்டியபோது முதலில் எல்லோரும் மணமக்கள் பெயரைத்தான் பார்த்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் பெரியம்மா குனிந்து துணிப் பட்டையைப் படித்துவிட்டு, "இந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து அவளுக்கு வேறு வேலைகள் போயிருக்கின்றன. அந்தத் துணிப் பட்டை இல்லையென்றால் "நல்ல பாய்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் பந்திக்குப் போயிருப்பார்கள்.

பாய் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. கோரைப் பாய் என்று விற்பதெல்லாம் பத்தமடைக் கைத்தறிப் பாய் அல்ல. கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரைக் கோரையில் இயந்திரத்தில் நெய்யும் பாய்கள் நிறைய வருகின்றன. அன்றாடம் படுக்க அவை நல்ல பாய்கள்தான், விலையும் குறைவு. ஆனால் சில நூறு ரூபாய்ப் பாய்க்கும் சில ஆயிரம் ரூபாய்ப் பாய்க்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் போதும். நுணுக்கப் பாய் துணி மாதிரி வழுவழுப்பாக வளையும். பரிசாகக் கொடுக்கும்போது வைத்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லிக் கொடுங்கள்: மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரம்பட்டால் உடனே நிழலில் காயப்போட வேண்டும்.

அடுத்தது ஓவியம். சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவர் பிறந்து வளர்ந்த ஊர் வீடு, பாகப்பிரிவினையில் கைமாறப் போகிற நேரம் அது. அந்த வீட்டை வரைந்து கொடுக்கலாம் என்று தங்கைதான் யோசனை சொன்னாள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனைத் தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பிடித்தோம். போட்டோக்களை அனுப்பினால் வரைந்துவிடுவான் என்றுதான் நினைத்திருந்தோம். "வீட்டை ஒரு தடவை பார்த்தால் நல்லா இருக்கும் அக்கா" என்றான். பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் தருகிறோம் என்று வரச் சொன்னோம். அது நல்ல முடிவு.

காலை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். சித்தியிடம் கேள்வியாகக் கேட்டான். ஊஞ்சல் எங்கே தொங்கியது, தாத்தா சைக்கிளை எந்தத் தூணில் சாத்துவார், முற்றத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம். பின்கட்டுக் கிணற்றின் கல்லில், பல வருடமாகக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் இருக்கின்றன. எங்கள் யாருக்கும் அது கண்ணில் பட்டதே இல்லை. அவன் அதைத் தனியாக ஒரு தாளில் வரைந்துகொண்டான். முடிந்த ஓவியத்தில் முன்வாசலும் திண்ணையும் பெரிதாக இருக்க, நடைவழியாக உள்ளே பார்த்தால் கடைசியில் சின்னதாக அந்தக் கிணற்றுக் கல் தெரியும், பள்ளங்களோடு. சித்தப்பா படத்தை வாங்கியதும் திண்ணையைப் பார்க்கவில்லை. அந்தக் கல்லில் விரலை வைத்து, "மூணாவது பள்ளம் எங்கம்மாவோடது, எப்பவும் அந்த இடத்துலதான் கயிறு போடுவா" என்றார். எந்த போட்டோவும் அவரிடமிருந்து அந்த வாக்கியத்தை வரவழைத்திருக்காது.

இப்படிச் சொல்லிச் செய்யும் ஓவியத்தில் இடைஞ்சல் எங்கிருந்து வரும் என்றால் சொந்தக்காரர்களிடமிருந்துதான். முதல் வரைவு வந்ததும் குடும்பக் குழுவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சுவருக்குப் புது வெள்ளை அடித்த மாதிரி போடச் சொல், தாத்தாவை ஈஸி சேரில் உட்கார வை, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை எதற்கு, எடுத்துவிடு. பையன் மிரண்டு போனான். அதற்குப் பிறகு ஓவியரோடு தங்கை ஒருத்தி மட்டுமே பேசுவது என்று முடிவானது. பென்சில் வரைவு நிலையில் என்ன மாற்றம் வேண்டுமானாலும் கேட்கலாம். வண்ணம் தொட்ட பிறகு மாற்றம் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம். இதை ஆரம்பத்திலேயே வாட்ஸாப்பில் எழுத்தாகப் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. சிறு வயதுக்காரர்களுக்குப் பெரியவர்களிடம் "முடியாது" என்று சொல்ல வாய் வராது. அந்தக் கூச்சத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்த அண்ணன் மகன் அதைக் குடும்ப விழா அழைப்பிதழிலும் காபிக் கோப்பையிலும் அச்சடிக்க ஆசைப்பட்டான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, பணம் கொடுத்து நம் பேரில் வரையச் செய்த ஓவியத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவர்தான் முதல் பதிப்புரிமையாளர். ஆனால் "இதை வரைந்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஓவியரை விட்டுப் போவதில்லை, 57ஆம் பிரிவு அதைக் காக்கிறது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் அந்தப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சடித்தோம். அழைப்பிதழின் ஓரத்தில் அவன் பெயரையும் ஊரையும் போட்டோம். படத்தின் மூலையில் அவன் போட்டிருந்த கையெழுத்தை ஃபிரேம் போடுகிற கடைக்காரர் மறைக்கப் பார்த்தார், அதையும் கவனித்துத் தடுக்க வேண்டியிருந்தது. ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளில் நேராக ஒட்டாமல் நடுவில் அட்டை விளிம்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஊர் ஈரப்பதத்துக்குத் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டினால் நீர்வண்ணம் வெளுத்துவிடும்.

"பரிசுக்கு வரைவது பெரிய கலை இல்லை, கண்காட்சியில் வைப்பதுதான் கலை" என்று நினைக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பற்றிச் சொல்வேன். சென்னை கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கிய பழைய நிறுவனம். அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தையே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார். அவரும் சக ஓவியர்களும் சேர்ந்து, மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் 1966-இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமம் எழுந்தது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பலவும் அங்கே வாழ்ந்தவர்களுடையவை. வீட்டுக்கு வாங்கிப்போன ஒரு பாத்திக் துணியின் காசு ஒரு ஓவியருக்கு அந்த மாத அரிசியாக மாறியது. இன்றைக்கு நாம் சொல்லி வாங்கும் ஒரு படமும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

தாம்பூலப் பைக்கு வருவோம். பொருளின் எண்ணிக்கை கூடும்போது வேறு விதமான கவனம் வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க முந்நூறு பனையோலைப் பெட்டிகள் சொன்னோம். தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் இளம்பெண்கள் சிலர் சேர்ந்து முடைகிறார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் வைத்துக் கொடுத்துவிட்டால் பெட்டி வீட்டில் நிலைத்துவிடும். நகை வைப்பார்கள், நூல்கண்டு வைப்பார்கள், குழந்தைகள் கலர் பென்சில் வைக்கும். பிளாஸ்டிக் டப்பா அப்படி ஆளோடு ஒட்டாது.

முகூர்த்தம் தை மாதத்தில். நாங்கள் சொன்னது ஐப்பசியில். குருத்தோலையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வகிர்ந்து, சாயம் ஏற்றித் திரும்பவும் காயவைத்துத்தான் முடைய முடியும். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். ஓலையில் ஈரம் நின்றால் முடைந்த பெட்டியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை விழும். அந்தப் பெண்கள் மார்கழித் தொடக்கத்திலேயே போன் செய்து, "முழுசும் வராதுக்கா, பாதிதான் நல்லதா தர முடியும். ஈர ஓலையில முடைஞ்சு எண்ணிக்கையைச் சரி பண்ண எங்களுக்கு மனசில்ல" என்று சொல்லிவிட்டார்கள். நேர்மையான பேச்சு. மீதிப் பேருக்குத் துணிப் பை வைத்துச் சமாளித்தோம். மிச்சப் பெட்டிகள் மாசியில் வந்தன, வளைகாப்புக்குப் பயன்பட்டன. ஆகவே தை முகூர்த்தத்துக்கு ஓலைப் பொருள் வேண்டுமென்றால் ஆடி, ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் நாலைந்து மாதிரிப் பெட்டி காசு கொடுத்து வாங்கி, மூடி சரியாக உட்காருகிறதா, உள்ளே தேங்காய் கொள்ளுமா என்று பாருங்கள். ஓலைப் பெட்டியில் ஈர வெற்றிலையை நேராக வைக்கக் கூடாது, வாழையிலைத் துண்டில் சுற்றி வைக்க வேண்டும்.

அந்தப் பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படிப் போடுவது? முடைந்தவரே மூடியின் உள்பக்கம் சிறிய தாள் துண்டில் தன் பெயரை எழுதி ஒட்டினார். ஒருத்தி தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன் படம் வேறு போட்டிருந்தாள். விருந்தினர்கள் மண்டபத்திலேயே மூடியைத் திறந்து, "உனக்கு யார் வந்திருக்கா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! போன் நம்பரைப் போடலாமா என்று மட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். தெரியாத ஆட்கள் கண்ட நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று பல பெண்கள் தயங்குவார்கள். அந்தக் குழு ஒரே ஒரு பொது நம்பரை மட்டும் கொடுத்தது.

தஞ்சாவூர் ஓவியம் கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரும் விரும்பும் பரிசு. இதில் ஏமாற்று அதிகம் என்பதால் கொஞ்சம் விவரம் வேண்டும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்து, சாக்குப் பொடியும் பசையும் கலந்த மக்கால் ஆபரணங்களையும் தூண்களையும் புடைப்பாக எடுத்து, கல் பதித்து, புடைப்பின் மேல் தங்க ரேக் என்கிற மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள். விலையில் பெரிய பங்கு தங்க ரேக்குக்குத்தான். போலி ரேக் முதல் நாள் அசலைவிட அதிகமாகவே மின்னும், சில வருடங்களில் கருக்க ஆரம்பிக்கும். கடையில் தொங்கும் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது சாமானியருக்குக் கஷ்டம். வரைகிறவரிடமே சொல்லிச் செய்வதில் உள்ள பெரிய லாபம், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்பது. எங்களுக்குக் கிருஷ்ணர் வரைந்து கொடுத்த பெண், ரேக் வாங்கிய பில்லையே படத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். அதற்கு முன் ஒரு பெரிய கடையில் விசாரித்தபோது, வரைந்தவர் யார் என்ற கேள்விக்கே பதில் வரவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா, எங்க கடைப் பேரே போதும்" என்றார்கள். எனக்குப் போதவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. 1973 முதல் இயங்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்களுக்கு ஒரு முறை போய்வந்தால், எந்த ஊரில் என்ன செய்கிறார்கள், தரம் எப்படி, விலை எந்த அளவு என்று ஒரு பிடி கிடைக்கும். அதைத் தெரிந்துகொண்டு இளைஞர்களிடம் பேசப் போவது நல்லது. விலை தெரியாமல் போனால் நாமும் தடுமாறுவோம், அவர்களும் பயந்து குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

பணம்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. கொத்தனாருக்கு நாள் கூலி கொடுக்கும்போது "தெரிஞ்ச பையன்தானே" என்று பாதி கொடுப்பதில்லை. வரைகிறவரிடமும் முடைகிறவரிடமும் மட்டும் ஏனோ அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "உனக்கு நல்ல விளம்பரம்தானே" என்று சொல்லி ஓசியில் கேட்கிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் கணக்குப் போடுவது எளிது: பொருள் செலவு எவ்வளவு, எத்தனை நாள் வேலை, ஊரில் ஒரு திறமையான தொழிலாளிக்கு நாள் கூலி என்ன. இதைக் கூட்டினால் வருகிற தொகைக்குக் கீழே அவர்களே விலை சொன்னால், "கூலியைச் சேர்த்தியா? திரும்பப் போட்டுப் பார்" என்று சொல்லிவிடுவேன். நம் கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் அளவைக் குறைத்துக் கேட்கலாம். பெரிய படத்துக்குப் பதில் சின்னப் படம், நுணுக்கப் பாய்க்குப் பதில் ஓரத்தில் மட்டும் வேலை செய்த பாய். அதே பொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்பதைவிட அது மரியாதை.

முன்பணம் பாதியாவது கொடுக்க வேண்டும், அதையும் சொன்ன அன்றே. இது இளைஞர்களுக்கு ஏன் முக்கியம் என்றால் அவர்களுக்கு வேறு மூலதனம் கிடையாது. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. நல்ல திட்டம், வீட்டில் பெரியவர்கள் தொழில் செய்தால் சொல்லிவிடுங்கள். ஆனால் அது 35 வயது நிரம்பியவர்களுக்கு. சின்ன வயதில் குலத்தொழிலுக்குள் யாரும் தள்ளப்படக் கூடாது, படிப்பு நிற்கக் கூடாது என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதே நேரத்தில், படித்துக்கொண்டோ படித்து முடித்தோ தானாக விரும்பி இந்த வேலைக்கு வருகிற 22 வயதுக்காரருக்குக் கோரை வாங்கவும் ரேக் வாங்கவும் கையில் காசு வேண்டுமே. நாம் தரும் முன்பணம்தான் அந்தக் காசு.

பொருள் கைக்கு வந்ததும் மீதியை அன்றே கொடுத்துவிட வேண்டும். விசேஷம் முடியட்டும், மொய் எண்ணி முடியட்டும் என்று இழுக்கக் கூடாது. அப்புறம், பரிசு போய்ச் சேர்ந்த வீட்டில் அது இருக்கும் இடத்தை ஒரு படம் எடுத்துச் செய்தவருக்கு அனுப்புங்கள். கும்பகோணத்துப் பையன் அப்படி வந்த படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறான். புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுகிறானாம். பத்தமடைப் பெண்ணும் அதையே செய்கிறாள்.

இப்போது தங்கை பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, நடைவண்டி சொல்லியிருக்கிறோம். செய்வது எங்கள் ஊர்த் தச்சுப் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்க்கும் பையன். வேப்ப மரம், ஆணிக்குப் பதில் மரமுளை, குழந்தை வாயில் வைக்கும் என்பதால் வார்னிஷ் இல்லாமல் எண்ணெய் மட்டும். "உன் பேரையும் போடு" என்றதும், "எங்க தாத்தா காலத்துல இருந்து யாரும் போட்டதில்லையே அக்கா" என்று யோசித்தான். போன வாரம் போன் செய்தான். இரும்பில் சின்ன அச்சு ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறானாம், பழுக்கக் காய்ச்சி மரத்தில் வைத்தால் பெயர் விழும். அந்த அச்சுக்கு ஆகும் செலவையும் முன்பணத்தோடு அனுப்பிவிட்டோம்.